சாஃப்ட் பெய்ட் வார்க்கும் கிட்: அச்சு அருமை, ஓ-ரிங்கை மட்டும் மாற்றிவிடுங்கள்

நீளப் புழு, பேடில் டெயில் (துடுப்பு போன்ற வால் உள்ளது) என்று தூண்டிலில் மாட்டும் சாஃப்ட் பெய்ட்டுகளை, அதாவது மென்மையான பிளாஸ்டிக் போலி இரைகளை, நாமே வார்த்துக்கொள்வதற்கான தொடக்க கிட் ஒன்றைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பெட்டியில் வந்தவை: இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சு, உருகிய பிளாஸ்டிக்கை உறிஞ்சி அச்சுக்குள் கையால் அழுத்தும் அலுமினிய இன்ஜெக்டர், ஒரு பாட்டில் பிளாஸ்டிசால் (சூடாக்கி வார்க்கும் திரவம்), நிறங்கள், மினுக்குத் தூள், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், மெல்லிய கையுறை, தூசி மாஸ்க், ஒரு குறிப்புத்தாள். நான் லேத்தில் வேலை செய்பவன். கையில் அளவெடுக்கும் வெர்னியர் இல்லாமல் எந்தப் பொருளையும் எடைபோடத் தெரியாது, அதனால் இந்த விமர்சனமும் அப்படித்தான் இருக்கும்.

அச்சுக்காகவே இந்தக் கிட்டை வாங்கலாம். இன்ஜெக்டரின் உடம்பு நன்றாக இருக்கிறது, அதிலுள்ள ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சரியில்லை. தெர்மாமீட்டர் போதுமானது. மாஸ்க்கையும் கையுறையையும் நம்பி வேலையைத் தொடங்கவே கூடாது.

அச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து விளக்குக்கு எதிரே காட்டினேன். எந்தப் பக்கமும் வெளிச்சம் கசியவில்லை. வழிகாட்டும் பின்கள் ஆட்டமில்லாமல் உட்காருகின்றன. வால் நுனியில் காற்று வெளியேற மெல்லிய கோடுகள் வெட்டியிருக்கிறார்கள், இதைப் பல அச்சுகளில் விட்டுவிடுவார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: புது அச்சில் கட்டிங் ஆயில் (உலோகம் வெட்டும்போது விடும் எண்ணெய்) ஒட்டியிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்த பிறகே வார்க்க வேண்டும். அந்த எண்ணெய் இருக்கும்வரை புழுவின் தோல் சொரசொரப்பாகவும் குழிகுழியாகவும் வரும். ஓரத்தில் மெல்லிய இதழ் போலப் பிளாஸ்டிக் பிதுங்கி வந்தால் அச்சைக் குற்றம் சொல்ல வேண்டாம். முந்தைய வார்ப்பின் துணுக்கு ஏதாவது இரு பாதிக்கும் நடுவில் மாட்டியிருக்கும், அல்லது ஒரு பக்கத்து நட்டை மட்டும் முதலில் இறுக்கியிருப்பீர்கள். குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் சரியாகிவிடும்.

இன்ஜெக்டருக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோளாறு இங்கே இருக்கும், அதன் அடையாளம் புழுவில் தெரியும். குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறது, கீறல் எதுவும் தட்டுப்படவில்லை. பிஸ்டனில் இரண்டு காடி (ரிங் உட்காரும் வெட்டுப் பள்ளம்), இரண்டு கறுப்பு ஓ-ரிங். கிட்டில் வந்தது நைட்ரைல் ரப்பர். சாதாரண நைட்ரைல் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். நாம் உறிஞ்சும் பிளாஸ்டிக்கோ 170 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் திரும்பத் திரும்பப் பட்டால் ரிங் இறுகித் தட்டையாகி, கடைசியில் விரிசல் விடும். அப்புறம் பிடியை இழுக்கும்போது பிஸ்டனுக்குப் பின்னாலிருக்கும் காற்று ரிங்கைத் தாண்டி உள்ளே நுழையும். அழுத்தும்போது பிளாஸ்டிக் பின்பக்கமாக ஏறும். வார்த்த புழுவில் குமிழி நிற்கும், ஆட்கள் பிளாஸ்டிசால் சரியில்லை என்று அடுத்த பாட்டில் வாங்குவார்கள்.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். இன்ஜெக்டர் முழுக்க ஆறியிருக்கும்போது பிஸ்டனைக் கீழே தள்ளி, முனைத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை மேலே இழுத்து விடுங்கள். ரிங் நன்றாக இருந்தால் பிஸ்டன் தானாகவே கீழே இறங்கும். இழுத்த இடத்திலேயே நின்றால் காற்று கசிகிறது என்று அர்த்தம். தண்ணீரை உறிஞ்சிச் சோதிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். குழலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கிவிட்டாலும் அடுத்த முறை சூடான பிளாஸ்டிக் பட்டவுடன் ஆவியாகிச் சீறும்.

மாற்று ரிங்காக வைட்டான் (சூடு தாங்கும் ஒருவகை ரப்பர்) அல்லது சிலிக்கான் கேளுங்கள். இரண்டுமே 200 டிகிரி வரை தாராளமாகத் தாங்கும். நான் வைட்டான் போட்டிருக்கிறேன். சிலிக்கான் மென்மையானது, காடியின் கூரான விளிம்பில் மாட்டினால் கிழிந்துவிடும். அதைப் போடுவதென்றால் நைஸ் எமரித் தாளால் விளிம்பை ஒரு முறை மழுக்கிவிடுங்கள். அளவு எடுக்கும்போது ரிங்கின் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது, காடியின் ஆழத்தையும் குழலுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துப் பாருங்கள். நகரும் பிஸ்டனில் ரிங் தன் தடிமனில் 10 முதல் 20 சதவீதம் அழுந்தினால் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் அழுத்தும்போது தோள்பட்டை வலிக்கும், குறைந்தால் கசியும். வைட்டான் ரிங் என்றால் மாட்டும் முன் மெல்லிசாக சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், சிலிக்கான் ரிங்குக்கு அது ஆகாது, உப்பிவிடும்.

பிஸ்டன் பாதியில் இறுகி நிற்கிறது என்பது இன்னொரு புகார். அலுமினியம் சூட்டில் நன்றாகவே விரியும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் பெருக்கும். பிஸ்டன் சூடாகவும் குழலின் மேல்பகுதி குளிர்ந்தும் இருந்தால் இடைவெளி அடைபட்டுவிடும். உள்ளே குளிர்ந்த சுவரில் பிளாஸ்டிக் வேறு ஒட்டி இறுகும். ஆகவே இன்ஜெக்டர் முழுவதையும் சூடான தட்டின் மேல் வைத்துச் சமமாகச் சூடேற்றிய பிறகே முதல் முறை உறிஞ்சுங்கள். ஒவ்வொரு அச்சு நிரப்பிய பிறகும் முனைத் துளையில் ஒரு சின்ன அடைப்பு இறுகியிருக்கும். அதை இடுக்கியால் பிடுங்கிவிட்டுத்தான் அடுத்ததை உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் அது அச்சுக்குள் போய் வாலை அடைக்கும். சுத்தம் செய்வது இந்த இன்ஜெக்டரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆறவிட்டுப் பிஸ்டனைக் கழற்றினால் மிச்சப் பிளாஸ்டிக் ஒரே துண்டாக உரிந்து வருகிறது, எந்தக் கரைப்பானும் தேவைப்படவில்லை.

பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளை மென்மையாக்கும் எண்ணெயில் கலந்த பால் நிறத் திரவம். தூள் எடை அதிகம், பாட்டிலின் அடியில் படிந்துவிடும். மேலே இருப்பதை மட்டும் ஊற்றினால் கொழகொழவென்று பலமில்லாத புழு வரும், பாட்டில் தீரும் நேரத்தில் விறைப்பான புழு வரும். நன்றாகக் குலுக்கி, அப்புறம் குமிழிகள் மேலே வந்து உடையும்வரை பொறுத்திருந்து ஊற்றுங்கள். குறிப்புத்தாளில் 'குலுக்கவும்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், காத்திருக்கச் சொல்லவில்லை. வெற்றிடப் பம்பும் பாத்திரமும் இருந்தால் காற்றை அப்படியே இழுத்துவிடலாம். பிளாஸ்டிசால் பொங்கி மேலெழும்பும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது.

சூடாக்க நான் மைக்ரோவேவ் பயன்படுத்துகிறேன். சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பில் இதைச் செய்யவே கூடாது, தனியாக ஒன்று வேண்டும். பால் நிறத் திரவம் முதலில் கட்டியாகும், பிறகு மெல்ல மெல்ல இளகி, சுமார் 175 டிகிரியில் தேன் போலத் தெளிந்து வடியும். அதுதான் வார்க்கும் பதம். 200 டிகிரியைத் தாண்டினால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கருகத் தொடங்கும். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்காது. கோப்பையின் நடுவே ஓர் இடம் கருகும்போது ஓரத்தில் இன்னும் கட்டியாகவே இருக்கலாம். குறுகிய நேரம் ஓட்டுவது, வெளியே எடுத்துக் கலக்குவது, மறுபடி ஓட்டுவது என்றே போக வேண்டும். மிச்சத்தை மறுபடி உருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மஞ்சள் ஏறும். ஹீட் ஸ்டெபிலைசர் (சூட்டில் கெடாமல் காக்கும் திரவம்) சில சொட்டு விட்டால் அது தள்ளிப்போகும்.

கிட்டில் வந்த தெர்மாமீட்டரைப் பலர் பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள். பழுதில்லை. இன்ஃப்ராரெட் கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும். கலக்காமல் காட்டினால் ஆடை படிந்த மேல்பகுதியின் குறைந்த சூட்டைக் காட்டும், பக்கவாட்டில் காட்டினால் கண்ணாடிக் கோப்பையின் சூட்டைக் காட்டும். கலக்கிய கையோடு மேலிருந்து நேராகக் காட்டுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். அச்சின் வெளிப்பக்கம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் காட்டிப் பாருங்கள், சரியான எண் வரும்.

வார்த்து எடுத்த புழுவை அறுத்துப் பார்த்தாலே எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். உடல் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி இருந்தால் காற்றோ ஈரமோ பிளாஸ்டிசாலிலேயே இருந்திருக்கிறது. உப்புத் தூள் சேர்ப்பவர்கள் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில், தடித்த இடத்தில் மட்டும் குழியோ பள்ளமோ இருந்தால் ஆறும்போது சுருங்கிய பிளாஸ்டிக்குக்கு ஈடுகட்ட மேலிருந்து எதுவும் இறங்கவில்லை. அச்சு நிரம்பியவுடன் இன்ஜெக்டரை எடுக்காமல் பத்து விநாடி அழுத்திப் பிடித்திருங்கள், எடுத்த பிறகு வாய் உள்வாங்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். வால் பாதியில் நின்றாலோ சுருக்கம் சுருக்கமாக வந்தாலோ அச்சு குளிர்ந்திருக்கிறது. 50, 60 டிகிரிக்கு அச்சைச் சூடேற்றிக்கொண்டால் பேடில் டெயிலின் மெல்லிய கழுத்துகூட நிரம்பிவிடுகிறது. அதற்கும் அடங்காவிட்டால் காற்றுக் கோட்டில் துணுக்கு அடைத்திருக்கும், ஊசியால் நீக்குங்கள். ஒரேயடியாக வேகமாகத் தள்ளினாலும் காற்று மாட்டிக்கொள்ளும், நிதானமாக ஒரே வேகத்தில் அழுத்த வேண்டும்.

இந்தக் கிட் மீது எனக்கு இருக்கும் உண்மையான கோபம் மாஸ்க்கைப் பற்றியது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். தூசி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதைப் பெட்டியில் வைத்து அனுப்புவது வாங்குபவரைத் தவறாக நம்பவைப்பது. ஆர்கானிக் ஆவிக்கும் அமில வாயுவுக்கும் சேர்த்து மதிப்பிட்ட கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) உள்ள மாஸ்க் வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மின்விசிறி புகையை வெளியே தள்ள வேண்டும். புகை வரத் தொடங்கினால் கோப்பையைக் காப்பாற்றப் பார்க்காமல் அடுப்பை நிறுத்திவிட்டு வெளியே போங்கள். கையுறையும் அப்படித்தான். உருகிய பிளாஸ்டிக் தோலில் விழுந்தால் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். வெல்டிங் செய்பவர்கள் போடும் தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் கட்டாயம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் அந்தப் பக்கமே வராத நேரமாகப் பார்த்து வேலையை வையுங்கள்.

நிறமும் மினுக்குத் தூளும் நன்றாகவே இருக்கின்றன, சொல்ல வேறொன்றும் இல்லை.

எடுத்த புழுக்களை உடனே பையில் திணிக்காதீர்கள். ஒரு நாள் தட்டையான இடத்தில் வால் நேராக இருக்கும்படி பரப்பி வைத்தால் நீரில் ஒழுங்காக ஆடும், வளைந்து இறுகினால் தூண்டில் நூல் முறுக்கிக்கொள்ளும். நிறம் வாரியாகத் தனித்தனியே வையுங்கள், அடர்ந்த நிறம் வெளிர் நிறத்தில் ஊறிவிடும். கிட் வந்த அந்தத் தெளிவான கடினப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைக்கலாம் என்று படம் போட்டிருக்கிறார்கள். என்னுடையது பாலிஸ்டைரின் டப்பா, புழுவிலிருந்து கசியும் எண்ணெயில் அடிப்பாகம் இளகிப் புழுவோடு ஒட்டிக்கொண்டது. பாலித்தீன் பையோ பாலிபுரோப்பிலீன் டப்பாவோ போதும்.

நான் அடுத்து வாங்கப்போவது இதே தயாரிப்பாளரின் நீளப் புழு அச்சு, தனியாக. இன்ஜெக்டர் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் முழுக் கிட்டையும் வாங்காமல் அச்சை மட்டும் கேளுங்கள், தருகிறார்கள்.