டிரைகுளோரோஎத்திலீன்: வரம்பா, தடையா?

உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் இந்தக் கரைப்பான் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும். ஆலையின் புகைபோக்கியில் வெளியேறும் அளவுக்கு வரம்பு வைப்பதா, பயன்பாட்டையே தடை செய்வதா?

செலவு: வரம்பு என்றால் பழைய தொட்டியே ஓடும். தடை என்றால் கழுவும் கருவி, உலர்த்தி எல்லாம் புதிது.

கண்காணிப்பு: தடைக்குக் கொள்முதல் பில்லே பெரும்பாலும் போதும். வரம்பிலோ, ஆவி பிடிக்கும் கரிப்படுகை நிறைந்ததும் மிச்சம் அப்படியே புகைபோக்கியில் ஏறும். அளவி இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

கசிவு: தண்ணீரைவிடக் கனம், லிட்டருக்கு 1.46 கிலோ. சிந்தியது நிலத்தடி நீரின் அடிவரை இறங்கிவிடும். புகைபோக்கி வரம்பு இதைத் தொடவே தொடாது.

தடையிலும் ஓட்டை உண்டு: பெயரை மட்டும் தடுத்தால் நரம்பைக் கெடுக்கும் இன்னொரு கரைப்பானான 1-புரோமோபுரொப்பேன் அதன் இடத்தில் வந்து உட்காரும்.

குடியிருப்பு அருகில் என்றால் தடையே. அமெரிக்க மாநிலமான மினசோட்டா டிரைகுளோரோஎத்திலீன் தடைச் சட்டத்தை 2020இல் இயற்றி, 2022 ஜூனில் அமலாக்கியது. மாற்று கைகூடாத பணிக்கு மூடிய தொட்டியும், காலக்கெடு வைத்த வரம்பும்.