அம்மாவுக்குப் பல் துலக்க: பல்பொடியா, பிரஷா, எலெக்ட்ரிக் பிரஷா?

அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) வந்து, பல் துலக்கிவிடுவது என் வேலையான பிறகு நான்கைந்து விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். எது பளிச்சென்று சுத்தம் செய்யும் என்பது ஒரு கணக்கு, எதற்கு அவள் வாயைத் திறப்பாள் என்பது வேறு கணக்கு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

எலெக்ட்ரிக் பிரஷ் ஏற்கெனவே அதில் பழகியவர்களுக்கு நல்லது. கைப்பிடி தடிமனாக இருப்பதால் பிடி தளர்ந்தவர்களும் பிடித்துக்கொள்ளலாம். புதிதாகக் கொடுத்தால் அந்த உறுமலும் அதிர்வும் மிரட்டிவிடும். அம்மா ஒரே தள்ளு, அதோடு அது அலமாரிக்குப் போய்விட்டது.

பல்பொடியைக் கைவிட எனக்கு மனசே வரவில்லை. சின்ன வயதிலிருந்து விரலால் தேய்த்தவள். என் பெயர் மறந்த நாளிலும் உள்ளங்கையில் பொடியைக் கொட்டினால் ஆள்காட்டி விரல் தானாக வாய்க்குப் போகும். ஆனால் விழுங்கத் தடுமாறுகிறவர்களுக்கு உலர்ந்த பொடி புரையேறும், பல பொடிகளில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு கிடையாது, விரலும் பல் இடுக்கில் நுழையாது. சரி என்று பொடியை நிறுத்திவிட்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டேன்: பட்டாணி அளவு பேஸ்ட்டை அவள் விரலில் வைத்தால் முன்பற்களை அவளே தேய்ப்பாள், மீதியை நான் பிரஷால் முடிப்பேன்.

அந்தப் பிரஷ் சாதாரணக் குழந்தைகள் பிரஷ்தான், சின்னத் தலை, மெல்லிய நார். என் ஓட்டு இதற்கே. அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கவாட்டில் நின்று, இன்னொரு பிரஷை அவள் கையில் கொடுத்துவிட்டால் என் கையைப் பிடித்து இழுக்கமாட்டாள். பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை இருக்கட்டும், நுரை குறைவாக இருந்தால் நிம்மதி. 5000 பிபிஎம் பேஸ்ட்டைப் பல் டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

மவுத்வாஷ் ஒருநாளும் பிரஷுக்கு மாற்றாகாது. கொப்பளிக்கத் தெரியாதவர்கள் விழுங்கிவிடுவார்கள். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷைத் தொடர்ந்து போட்டால் பல்லில் கறை படியும்.

நனைத்த துணியால் துடைப்பது, பிரஷே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நாட்களுக்கு. கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சோற்றை எடுக்கலாம், பல்லில் ஒட்டிய படிவு அவ்வளவாகப் போகாது. கடிபடாமல் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அனுபவம் உண்டு.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்றால், பல மாத்திரைகள் வாயை உலரவைக்கும், உலர்ந்த வாயில் சொத்தை சீக்கிரம் வரும், அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை போகலாம். அப்புறம் வலி. அதை அவர்களால் சொல்ல முடியாது. போன ஆடியில் ஒரு வாரம் பிரஷைப் பார்த்தாலே கையைத் தட்டிவிட்டாள், பிடிவாதம் என்று நானும் கோபப்பட்டேன். டாக்டர் பார்த்தபோது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்திருந்தது.