மீன்வலைக் கடையில் வாங்கிய நெத்தி லைட்: 14 மாதம் கழித்து

எங்கள் ராமேஸ்வரம் தீவில் மலை கிடையாது. மணலும் பனையும் தென்னையும்தான் தங்கச்சிமடம். உயரம் என்று பார்த்தால் ராமேஸ்வரம் பக்கம் கந்தமாதன பர்வதம் என்ற மேடு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருக்கிறவனுக்குக் குகைமேல் எப்படி ஆசை வந்தது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாம்பனில் அம்மாச்சி வீட்டுக் கிணறுதான் காரணம். பத்து வயதில் தூர் வார இறங்கிய சித்தப்பாவோடு நானும் இறங்கினேன். பாதி ஆழத்தில் மண் போய்க் கல் வந்தது. கல்லில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து. சித்தப்பா தீக்குச்சி கிழித்துக் காட்டினார். உள்ளே மூளை மடிப்பு மாதிரி வரிவரியாகப் பவளம். "இது ஒரு காலத்துல கடலுக்குள்ள கிடந்ததுடா" என்றார். குச்சி அணைந்தது. அந்தப் பொந்து எவ்வளவு தூரம் போகிறது என்ற கேள்வி மட்டும் எனக்குள் அணையவே இல்லை.

இப்போது எனக்கு 41 வயது. வருஷத்துக்கு நாலைந்து தடவை குகை தேடிப் போகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி நிற்கும், எனக்குத் தலைக்கு மேல் வேலை. அதனால் என் பயணமெல்லாம் பொங்கலுக்குப் பிறகுதான். ஆந்திராவில் பேலம் குகைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். மற்றபடி மதுரை, சிவகங்கைப் பக்கத்து மலைகளில் ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த புடவுகள். குகையை அந்தப் பக்கம் புடவு, பொடவு என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்டால்தான் வழி சொல்வார்கள். 'குகை' என்று கேட்டால் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வேலைக்கு முதல் கருவி விளக்கு. நான் முதலில் ஆன்லைனில் வாங்கியது ஒரு ஜூம் லைட். முன்பக்கக் கண்ணாடியை இழுத்தால் வெளிச்சம் குவியும், தள்ளினால் விரியும். பேட்டரி உள்ளேயே பூட்டியிருக்கும், ஒயர் சொருகிச் சார்ஜ் போட வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் அடித்துப் பார்த்தபோது பிரமாதமாகத் தெரிந்தது. குகையில் அதன் குணம் வேறு. குவித்தால் தூரத்தில் ஒரு வட்டம் மட்டும் தெரிகிறது, கால் வைக்கிற இடம் இருட்டு. ஜூம் வளையத்துக்குள் தூசி புகுந்து மூன்றாவது பயணத்திலேயே இறுகிக்கொண்டது. சார்ஜ் சொருகும் ஓட்டையில் ஈரம் ஏறி ஒரு நாள் மொத்தமாகப் படுத்துவிட்டது. எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற எனக்கு அந்த விளக்கைப் பிரிக்க வழியில்லை, எல்லாம் பசை போட்டு ஒட்டியது. திறக்க முடியாத பொருளை இருட்டுக்குள் நம்பிக் கொண்டுபோகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்புறம்தான் மண்டபம் ஊரில் இருக்கும் இந்த மீன்வலைக் கடைக்குப் போனேன். வலை, மிதவை, ஈயக்குண்டு, கயிறு, ரப்பர் பூட்ஸ், கையுறை எல்லாம் கிடைக்கும். ராத்திரி நண்டு வலைக்குப் போகிறவர்களுக்காக நெத்தி லைட்டுகள் கல்லாவுக்கு மேலே கொத்தாகத் தொங்கும். கடைக்காரர் பாய்க்கு அறுபது வயதிருக்கும். கையில் எப்போதும் வலை ஊசி ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு நான் விளக்கோடு கயிறும் கேட்டேன்.

"எதுக்கு தம்பி கயிறு?"

"குகைக்குள்ள இறங்க, பாய்."

எடுத்து வைத்திருந்த கயிற்றுச் சுருளை அவர் திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டார். "அப்ப இது ஆகாது. இது மெதக்குறதுக்குன்னு போட்ட கயிறு. வலைக்கு, மிதவைக்குன்னா தர்றேன். மனுசன் தொங்குறதுக்கு நான் தரமாட்டேன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று வீட்டுக்கு வந்து படித்தபோது தெரிந்தது. மிதக்கும் கயிறு பாலிபுரொப்பிலீன். வெயிலில் கிடந்தால் நார் செத்துப்போகும். உராய்ந்தால் சூட்டில் இளகும். ஏறக்குறைய 165 டிகிரியிலேயே உருகும். நைலான் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். குகைக்காரர்கள் இறங்கும் கயிறு உள்ளே நைலான் திரி, வெளியே பின்னல் உறை என்று இரண்டு அடுக்காக, இழுத்தால் நீளுவது குறைவாக, பெரும்பாலும் 10, 11 மில்லிமீட்டர் தடிமனில் வரும். அதைக் கையாளவும் தனியாகப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எடுக்கும்வரை கையையும் காலையும் ஊன்றி இறங்க முடிகிற இடத்துக்கு மட்டும்தான் போவது என்று இருக்கிறேன். 600 ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று ஆணியில் மாட்டிய மனுஷர். அந்தக் கடைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் அதற்குத்தான்.

சரி, விளக்குக்கு வருகிறேன். பாய் எடுத்துக் கொடுத்தது அலுமினிய உடம்பு. ஒற்றை 18650 பேட்டரி நெற்றிக்குக் குறுக்கே படுத்திருக்கும், ஒரு பக்கம் திருகு மூடி. ஜூம் கிடையாது, வெளிச்சம் அகலமாக விழும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று வேகம், தனியாகச் சிவப்பு விளக்கு. பேட்டரி இல்லாமல் 850 ரூபாய்.

பேட்டரி வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூடவே வந்த பேட்டரியின் மேல் 9900 எம்ஏஎச் (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தது. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் 3500 அளவுக்கு அடைத்தாலே நல்ல பேட்டரி. 9900 என்பது வெறும் ஸ்டிக்கர். என் தங்கச்சி மாப்பிள்ளை நகைக்கடையில் வேலை பார்க்கிறார். அந்தத் தராசில் வைத்துப் பார்த்தோம்: ஸ்டிக்கர் பேட்டரி 31 கிராம், நான் வெளியே வாங்கிய நல்ல 3000 எம்ஏஎச் பேட்டரி 46 கிராம். விளக்கில் போட்டுப் பார்த்தபோதும் அதே கதைதான். முழு வெளிச்சத்தில் ஸ்டிக்கர் பேட்டரி 55 நிமிஷம் ஓடியது, நல்லது 2 மணி 40 நிமிஷம். பாயிடம் சொன்னேன். எடையைக் கேட்டவர் அன்றிலிருந்து லைட்டைத் தனியாகவும் கொடுக்கிறார்.

முதல் சோதனை பாம்பன் வடகரையில். அங்கே பழைய பவளப்பாறை கடல்மட்டத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. அலை அரித்த பொந்துகள் இருக்கின்றன. நீர் வற்றும் நேரம் பார்த்து இடுப்புவரை நுழையலாம், அதற்கு மேல் போகாது. குகை என்று சொல்ல முடியாது. ஆனால் உப்புத் தண்ணீர் தெறிக்க, தலை இடிக்க, விளக்கை மிரட்டிப் பார்க்க நல்ல இடம். அலை இரண்டு முறை மேலே அடித்தும் உள்ளே ஈரம் இறங்கவில்லை. (தீவுப் பக்கம் யாரும் கிளம்பிவிட வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.)

அடுத்தது பேலம். நந்தியால் மாவட்டத்தில் கொலிமிகுண்ட்லா பக்கம். 1884-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் குறித்து வைத்த குகை. 1982, 83-ல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மன் குழு முறையாக அளந்தது. மொத்தம் 3229 மீட்டர். இன்றைக்கு நமக்குத் திறந்திருப்பது அதில் ஒரு பகுதிதான். அங்கே விளக்கும் பாதையும் போட்டிருக்கிறார்கள், நெத்தி லைட் கட்டாயமில்லை. ஆனால் பக்கவாட்டுச் சந்துகளை எட்டிப் பார்க்க இது இல்லாமல் முடியாது. உள்ளே ஐஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், நீராவி அடுப்பு மாதிரி வெக்கை. பத்தே நிமிஷத்தில் விளக்கின் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பனி பிடித்தது, உட்பக்கம் பிடிக்கவில்லை. மூடி இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குறை என்னவென்றால், வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை. ஈரச் சுண்ணாம்புக் கல்லில் பட்டால் எல்லாம் தட்டையாகிவிடுகிறது. மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரிந்து ஒரு படியில் கால் மடங்கியது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நிழல் நம் பார்வையில் விழுவதில்லை, அதனால் ஆழம் பிடிபடுவதில்லை. கழற்றி இடுப்புக்கு நேராகப் பிடித்தால் உடனே பள்ளம் பள்ளமாகத் தெரியும்.

அந்தப் பழக்கம் மாங்குளத்தில் கைகொடுத்தது. மதுரைக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம் மலை, சமணப் படுக்கைகள் இருக்கும் புடவுகள். மேகமூட்டமான காலையில் போனோம். கல்வெட்டை நேருக்கு நேர் நின்று பார்த்தேன், வெறும் பாறை. விளக்கைக் கழற்றி, பாறையை ஒட்டி ஓரத்திலிருந்து சாய்வாகப் பிடித்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் 'க' கூட்டல் குறி மாதிரி இருக்கும், அதை முதலில் பிடித்தேன். அங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொல்லியல் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போனேன். நெடுஞ்செழியனின் ஆள், பெயர் கடலன் வழுத்தி. மலைக்குகையில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக ஒரு கடலன்! கடற்கரைக்காரனான எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. தொடவில்லை, எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்பு பூசவில்லை. வெளிச்சம் மட்டும் போதும். தயவுசெய்து யாரும் தொடாதீர்கள்.

இனி, விளக்கு கைவிட்ட நாள். மதுரை, சிவகங்கை எல்லையில் ஒரு சின்ன மலை. பெயரைச் சொல்ல மாட்டேன், உள்ளே வௌவால்கள் குட்டி வைத்திருக்கின்றன. பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நடுவில் விட்ட சந்துதான் அங்கே குகை. நான், மச்சான், மச்சானின் தம்பி, மூன்று பேர். ஊர்ந்து ஊர்ந்து ஒரு முப்பது மீட்டர் போயிருப்போம். என் விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அந்த இருட்டில் கண்ணுக்கு முன்னால் கையைப் பிடித்தாலும் தெரியவில்லை. ஆளுக்கு மூன்று விளக்கு என்பது குகைக்காரர்களின் பழைய விதி, அதைக் கடைப்பிடித்ததால் பயமில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டாவதை எடுத்தேன். அங்கேயே மூடியைத் திருகித் திறந்தால், உள்ளே ஸ்பிரிங்கில் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு. முந்தின வாரம் மச்சான் நண்டு வலைக்கு இதைத்தான் மாட்டிக்கொண்டு போயிருந்தார். ஈரக் கையோடு பேட்டரி மாற்றியிருக்கிறார், உப்பு உள்ளே போய்விட்டது. சட்டை நுனியால் ஸ்பிரிங்கைத் தேய்த்து, பேட்டரியின் அடியையும் துடைத்து மாட்டினேன். எரிந்தது. பழைய ஜூம் லைட்டாக இருந்தால் அங்கேயே தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பொடி உப்புத்தாளால் தேய்த்து, மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவினேன். எஞ்சின் கிரீஸ் தடவாதீர்கள், சில ரப்பர் அதில் ஊதிப்போகும். அன்றிலிருந்து கடலுக்கு ஒரு விளக்கு, மலைக்கு ஒரு விளக்கு. பேட்டரியைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றத் திண்ணையில் உட்கார்ந்து பழகினேன். இப்போது 20 வினாடி ஆகிறது. உபரி பேட்டரியைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில்தான் வையுங்கள். சாவி, சில்லறையோடு பையில் கிடந்தால் இரண்டு முனையும் இணைந்து தீப்பிடிக்கும்.

சிவப்பு விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். வௌவால் கூட்டத்துக்குக் கீழே போகும்போது வெள்ளையை அணைத்துவிட்டுச் சிவப்பில் நகர்ந்தால் அவ்வளவாகக் கலையாது. மலைத்தேனீ இன்னும் முக்கியம். பாறை விளிம்பில் கூடு தொங்கும். இருட்டில் அதன்மேல் வெள்ளை வெளிச்சம் அடித்தால் வெளிச்சத்தை நோக்கியே பாய்ந்து வரும். விளக்கு இருப்பது நம் நெற்றியில். ஆனால் சிவப்புக்குப் போக மூன்று வெள்ளை வேகத்தையும் தாண்டித்தான் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. இது வடிவமைப்பில் பெரிய தப்பு, தனிப் பொத்தான் கொடுத்திருக்க வேண்டும். நான் கண்ணாடிமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு மாற்றுகிறேன்.

பட்டையும் சுமார்தான். வியர்வை உப்பில் ஆறு மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்தது. பாயிடமே 40 ரூபாய்க்கு வேறு பட்டை வாங்கி, தாடைப்பட்டை உள்ள கட்டட வேலை ஹெல்மெட்டில் பின்னால் இரண்டு கொக்கி போட்டு மாட்டிவிட்டேன். இப்போது அசையவில்லை.

விளக்குக்கு ஐந்தில் நாலு. கடைக்கு ஐந்துக்கு ஐந்து. மேகாலயாவில் 2018-ல் 24 கிலோமீட்டருக்கு மேல் அளந்த கிரெம் புரி மணற்கல் குகைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அங்கே பேசும் காசி மொழியில் 'கிரெம்' என்றால் குகை. அதற்கு முன்னால் கயிற்றுப் பயிற்சி. அங்கே போகும்போதும் நெற்றியில் இதுதான் இருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி, "மூடி திருகுற லைட்டு, பேட்டரி வேண்டாம்" என்று கேளுங்கள். கல்லாவுக்கு மேலே இடது கோடியில் தொங்கும். மூடியைத் திறந்து ரப்பர் வளையம் இருக்கிறதா, ஸ்பிரிங் பளபளவென்று இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள்.