ஓப்பன்எம்வி எச்7 கேமரா: ரோபோ கால்பந்து அணிக்கு வாங்கலாமா?

பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியான ரோபோகப் ஜூனியரின் கால்பந்தில் ஒரு பிரிவில் பந்தே அகச்சிவப்பு ஒளி விடும். ரோபோ அதை உணரிகளால் கண்டுபிடித்துவிடும். இன்னொரு பிரிவில் பந்து 42 மி.மீ. விட்டமுள்ள சாதாரண ஆரஞ்சு கோல்ஃப் பந்து. அதை ரோபோ தானே பார்த்துத் தேட வேண்டும். இந்த இரண்டாவது பிரிவுக்குத் தயாராகும் அணிகளில் பலவற்றின் ரோபோவில் இருப்பது ஓப்பன்எம்வி எச்7, நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு கேமரா. தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவுடன் ஆடிவிடும் பொருள் அல்ல இது. பள்ளி ஆய்வகத்தில் அருமையாகப் பந்தைப் பிடித்த கேமரா, போட்டி அரங்கில் ஆரஞ்சாகத் தெரியும் நடுவரின் கையைத் துரத்திக்கொண்டு போவது சர்வசாதாரணம். அது நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி.

முதலில் பொருள். 480 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிஎம்32 சிப், 1 எம்பி ரேம், மைக்ரோபைத்தான் நிரல், கழற்றி மாற்றக்கூடிய எம்12 லென்ஸ். மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைவிட இதை விரும்ப இதுவே முக்கியக் காரணம்: ஆட்டத்தின் நடுவே ரோபோவை அணைத்துப் போட வேண்டி வந்தால், ஒரு முழு இயங்குதளம் எழுந்திருக்கும்வரை காத்திருக்க முடியாது. பிக்ஸி2 என்ற போட்டிக் கேமரா இதைவிட எளிது, பொத்தானை அழுத்தி நிறத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் உள்ளே கணக்கு எப்படி நடக்கிறது என்பதில் நீங்கள் தலையிட இடம் குறைவு. நேர்காணலில் நடுவர்கள் மாணவர்களிடம் நிரலைப் பற்றித்தான் கேட்பார்கள். தாமே எழுதிய நிரல் கையில் இருப்பது அங்கேயும் உதவும்.

எந்த எச்7 என்பதில் கவனம் வேண்டும். பழைய எச்7-இல் ஓவி7725 சென்சார். பின்னால் வந்த ஆர்2 பதிப்பில் எம்டி9எம்114. 320-க்கு 240 அளவில் ஆர்2 நொடிக்கு 80 பிரேம் (படம்) வரை எடுக்கும். கால்பந்துக்கு இது போதும். எச்7 பிளஸ்ஸின் 5 மெகாபிக்சலுக்கு ஆசைப்பட வேண்டாம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் உருளும் பந்து 30 பிரேமில் ஒவ்வொரு படத்துக்கும் 10 செ.மீ. தாவும், 60 பிரேமில் 5 செ.மீ.தான். இங்கே தெளிவைவிட வேகமே பெரிது. முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் துணைக் கேமராவும் தேவையில்லை, அது கறுப்பு வெள்ளை.

இனி, ஆட்டத்தைத் தீர்மானிக்கும் விஷயம்: வெளிச்சமும் நிறமும். ஆட்டோ கெயின் (சிக்னலைப் பெருக்குவது), ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சமன்செய்வது), ஆட்டோ எக்ஸ்போஷர் (ஒளியை வாங்கும் நேரம்) மூன்றையும் அணைத்தே ஆக வேண்டும். அணைக்காவிட்டால், மஞ்சள் கோல் (களத்தின் ஒரு கோல் மஞ்சள், மற்றது நீலம்) படத்தில் பெரிதாக வரும்போது கேமரா நிறத்தைச் சரிசெய்வதாக நினைத்து ஆரஞ்சையும் நகர்த்திவிடும். பந்து கோலுக்கு அருகில் இருக்கும்போது மட்டும் ரோபோ தடுமாறுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒயிட் பேலன்ஸை வெறுமனே அணைத்தாலும் போதாது. களத்தில் வெள்ளைத்தாள் வைத்து, ஆட்டோவை இரண்டு மூன்று நொடி ஓடவிட்டு, சிவப்பு, பச்சை, நீல கெயின் எண்களைப் படித்து, அதே எண்களை நிரலில் எழுதிப் பூட்டுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஒரே நிறம் கிடைக்கும்.

எக்ஸ்போஷரில் ஒரு நுணுக்கம். மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும்; 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 120 முறை. எக்ஸ்போஷர் அந்தத் துடிப்பின் ஒரு முழுச் சுற்றுக்குச் சமமாக இருந்தால் படத்தில் பட்டைகள் விழாது. எனவே இந்தியாவிலும் 2024 போட்டி நடந்த நெதர்லாந்திலும் 10,000 மைக்ரோநொடி. 2025 போட்டி நடந்த பிரேசிலின் சால்வடோரில் 8,333. ஊரில் 10,000 வைத்துப் பழகிவிட்டு அப்படியே கொண்டுபோனால், பந்தின் நிறம் பிரேமுக்குப் பிரேம் ஏறி இறங்கும். காரணம் தெரியாமல் த்ரெஷோல்டை, அதாவது நிற வரம்பை, மாற்றிக்கொண்டே ஒரு நாள் போய்விடும்.

நிறத்தை லேப் அளவில் பிரிக்கிறது இந்தக் கேமரா: எல் என்பது வெளிச்சம், ஏ பச்சையிலிருந்து சிவப்பு வரை, பி நீலத்திலிருந்து மஞ்சள் வரை. ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் பி மதிப்பு இரண்டுமே உயரம்தான். பிரித்துக் காட்டுவது ஏ. மஞ்சளின் ஏ பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், ஆரஞ்சின் ஏ நன்றாக மேலே ஏறும். ஆகவே எல் வரம்பை அகலமாகவும் ஏ வரம்பை இறுக்கமாகவும் வையுங்கள். மாதிரி எடுக்கும்போது பந்தைக் களத்தின் நடுவில் மட்டும் வைக்காதீர்கள்: சுவரோரம், ரோபோவின் நிழல், கோலுக்குள், தூர மூலை என நான்கிலும் வைத்துப் பாருங்கள். நீலக் கோலுக்கு எல்-இன் கீழ் வரம்பு கட்டாயம், இல்லாவிட்டால் கறுப்புச் சுவரின் நிழலும் நீலமாகத் தெரியும்.

பலர் விழும் குழி, பிளாப்களை (ஒரே நிறப் பிக்சல்கள் சேர்ந்த திட்டுகளை) இணைக்கும் வசதி. எல்லா நிறங்களையும் ஒரே அழைப்பில் கொடுத்து இணைப்பையும் இயக்கினால், மஞ்சள் கோலுக்கு முன்னால் நிற்கும் பந்து கோலோடு சேர்ந்து ஒரே பிளாப் ஆகிவிடும். நிறத்துக்கு ஒரு தனி அழைப்பு வையுங்கள். பந்துக்குப் பிக்சல் வரம்பு 5 அளவில் குறைவாக, கோலுக்கு 100-க்கு மேல்.

மேலே பார்க்கும் கேமராவின் தலைக்கு மேல் கண்ணாடியைப் பொருத்தி 360 பாகையும் பார்க்கும் அமைப்புக்கு எச்7 நன்றாகப் பொருந்துகிறது. படத்தை 240-க்கு 240 எனச் சதுரமாக வெட்டிவிடுங்கள். கண்ணாடி வட்டம்தானே, ஓரங்கள் வீண். வேகம் கூடும். கூடவே எல்லா ஆயத்தொலைவுகளும் 0 முதல் 239-க்குள் அடங்குவதால் ஒவ்வொன்றையும் ரோபோவின் முதன்மைப் பலகைக்கு ஒரே பைட்டில் அனுப்பலாம், 255-ஐத் தொடக்க அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். கேமராவின் இணைப்பு முனைகளில் 4-ஆவது அனுப்பும், 5-ஆவது வாங்கும். 1,15,200 பாட் வேகத்தில் 10 பைட் போக ஒரு மில்லிநொடிகூட ஆகாது. தூரத்துக்குச் சூத்திரம் தேட வேண்டாம். பந்தை 10 செ.மீ. இடைவெளியில் நகர்த்தி, மையத்திலிருந்து எத்தனை பிக்சல் என்று அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் சுவருக்கு வெளியே உள்ள உலகமும் விழும் என்பதால், குறிப்பிட்ட ஆரத்துக்கு அப்பால் வரும் ஆரஞ்சை நிரலிலேயே தள்ளிவிடுங்கள். பார்வையாளர் சட்டைத் தொல்லை அதோடு தீரும்.

வன்பொருளில் நான்கு எச்சரிக்கைகள். லென்ஸ் திருகுமரை மோதல்களில் மெல்லச் சுழன்று ஃபோகஸ் போய்விடும். பக்கத்துச் சிறு திருகை இறுக்கி, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். மின்சாரத்தை மோட்டார் இணைப்பிலிருந்து நேராக எடுக்காமல் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் தனி 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் கொடுங்கள். இரண்டு ரோபோக்கள் முட்டிக்கொண்டு மோட்டார் நின்றுபோகும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து கேமரா மறுபடி தொடங்குவது அப்படி நேராக எடுப்பதால்தான் நடக்கிறது. மெமரி கார்டு செருகியிருந்தால் கேமரா கார்டிலுள்ள நிரலைத்தான் ஓட்டும். கார்டு அதிர்வில் நழுவினால் அடுத்த முறை உள் நினைவகத்தில் கிடக்கும் பழைய நிரல் ஓடும்; கார்டு இல்லாமலே ஆடுவது நல்லது. கணினியிலிருந்து பிடுங்கும் முன் இணைப்பை முறையாகத் துண்டிக்காவிட்டால் கோப்பு கெட்டுப்போகும்.

குறை என்று சொன்னால் ரோலிங் ஷட்டர், அதாவது படத்தை வரிவரியாக எடுப்பது. ரோபோ வேகமாகச் சுழலும்போது படம் சாய்ந்து பந்தின் திசை தவறும். கைரோ (திரும்பும் கோணத்தை உணரும் உணரி) வைத்து ரோபோவை எப்போதும் எதிரணிக் கோலைப் பார்த்தபடியே ஓட்டினால் இது பெரும்பாலும் தெரியாது. இன்னொன்று, ஐடிஇ-யில் (கணினியில் நிரல் எழுதும் மென்பொருளில்) படம் ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் வேகம் உண்மையல்ல. படம் காட்டுவதை நிறுத்திவிட்டு அளவிடுங்கள்.

அணிக்கு இரண்டு ரோபோ என்பதால் மூன்று கேமரா வாங்குங்கள், மூன்றும் ஒரே பதிப்பாக. ஒன்று ஓவி7725, மற்றொன்று எம்டி9எம்114 என்று கலந்தால், அரங்கில் கிடைக்கும் கொஞ்ச நேரப் பயிற்சியில் ஒரே வேலையை இருமுறை செய்ய வேண்டியிருக்கும். உதிரிக் கேமராவுக்கும் முதல் நாளிலேயே கெயினும் த்ரெஷோல்டும் எடுத்து, அதன் முதுகில் எந்த ரோபோவுக்கானது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.