14 மாதமாக முகத்தைச் சும்மா விட்ட கதை

போன வருஷம் மார்ச் மாதம், சைதாப்பேட்டை சிக்னலில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சொட்டு வியர்வை கன்னத்தில் இறங்கியது, அவ்வளவுதான். மிளகாய் அரைத்த கையால் யாரோ தடவின மாதிரி சுரீர் என்றது. அதற்கு முன்பே ஒரு மாதமாக முகம் கழுவினால் லேசாக எரியும், நான்தான் 'க்ரீம் வேலை செய்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நெற்றி பளபளவென்று இருந்தது, அதுவும் எனக்குப் பெருமை. கிட்டப் போய்ப் பார்த்தால் அது பாலிதீன் கவர் பளபளப்பு. சிரித்தால் மூக்கோரம் இழுத்துக்கொண்டு மெல்லிய கோடுகள் விழும்.

என்னென்ன போட்டேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையில் வைட்டமின் சி சீரம், இரவு கிளைகாலிக் டோனர், அதன் மேலேயே ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரப். நல்ல வைட்டமின் சி சீரம் தோலுக்குள் போவதற்கே பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் (பிஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). கிளைகாலிக் என்பது செத்த தோலை உரிக்கப் பூசுகிற அமிலம், அந்த வகையிலேயே மூலக்கூறு சின்னது, அதனால் சுலபமாக இறங்கும். ஆக, காலையில் ஒரு அமிலம், ராத்திரி ஒரு அமிலம், நடுவில் சென்னை வெயில். மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட 6000 ரூபாய். "அந்தக் காசுக்கு ஒரு பொட்டுத் தங்கமாவது வாங்கியிருக்கலாம்" என்று அம்மா இன்னும் சொல்கிறார்.

பாட்டி வீடு பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கட்டிய மொட்டை மாடி. பாசி பிடித்திருக்கிறதே என்று அதில் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பாசி போகும், கூடவே சாந்தும் கரையும், அடுத்த மழைக்கு ஒழுகும். தோலும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேலே இருக்கிற செத்த செல் அடுக்கு முடியைவிட மெலிசு. அந்த செல்கள்தான் செங்கல். இடையில் இருக்கிற செராமைடு என்கிற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்தான் சாந்து, அதில் பாதிக்குப் பாதி செராமைடு. நான் தினமும் தேய்த்து எடுத்தது அந்தச் சாந்தை. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கிற வியர்வை உப்பு உள்ளே போய் எரியும்.

இன்னொன்று, வெளிநாட்டு வீடியோக்களில் 'முகம் சிவந்துபோகும்' என்றே சொல்கிறார்கள். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. எனக்குக் கன்னம் கறுத்துத்தான் போனது. அதை வெயில் கறுப்பு என்று நினைத்து டோனரை இன்னும் கூட்டினேன் பாருங்கள், அதுதான் பெரிய முட்டாள்தனம்.

அப்புறம் ஒரு மருந்துக்கடையில் கேட்டதற்கு ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள், சீட்டு கீட்டு எதுவும் கேட்கவில்லை. நாலே நாளில் முகம் தெளிந்துவிட்டது, ஐந்தாம் நாள் நிறுத்தினேன், ஏழாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே அந்த ட்யூபைத்தான். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா, மூஞ்சிக்கு இதப் போடவே கூடாது" என்றார். எரிச்சலை அமுக்கும், ஆனால் தோல் தனக்குத் தேவையான கொழுப்பைத் தயாரிப்பதையும் அது அமுக்கிவிடும், நாள்பட்டால் தோலே மெலிந்துவிடும். நாலு நாளோடு நிறுத்தியது என் அதிர்ஷ்டம்.

அவர் எழுதிக் கொடுத்தது மூன்றே மூன்று: நுரை வராத, வாசனை இல்லாத க்ளென்சர், செராமைடு மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். ராத்திரி மூக்கோரத்துக்கு மட்டும் வாசலின். "வேற எதையும் மூஞ்சி பக்கம் கொண்டு போகாதீங்க, ஒரு மாசத்துக்கு மேல ஆகும்" என்றார். மேல்தோல் அடியிலிருந்து புதுசாகி மேலே வர ஏறக்குறைய நாலு வாரம் ஆகுமாம், அதுவும் நாம் கைவைக்காமல் இருந்தால்.

முதல் பத்து நாள் மாய்ஸ்சரைசரே எரிந்தது. கழுவின முகத்தைத் துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் போட்டபோதுதான் கொஞ்சம் தாங்கியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் முகம் கழுவிவிட்டு வெளியே வந்து, எரியவில்லையே என்று நானே நின்று யோசித்தேன். கறுப்பு மட்டும் ஏழெட்டு மாதம் இழுத்தது.

வாசலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாங்கியதிலேயே மலிவு அதுதான், அதிகம் உதவியதும் அதுதான். ஈரம் ஆவியாகாமல் மூடுவதில் எந்த விலை உயர்ந்த எண்ணெயும் அதன் கிட்ட வராது. ஆனால் முகம் முழுக்கப் பூசிக்கொண்டு தூங்குவது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சரி. நான் மே மாதம், கரண்ட் போன ராத்திரியில் அப்படிச் செய்து, வியர்வை வெளியேற வழியில்லாமல் நெற்றி முழுக்க வியர்க்குரு. அதற்குப் பிறகு இரண்டு அரிசி அளவு, மூக்கோரமும் வாயோரமும் மட்டும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடினம். அந்தத் தண்ணீரில் சோப்பு சேர்ந்தால் ஒரு பிசுக்கு தோலில் தங்கிவிடும். போதாததற்கு சோப்பின் பிஎச் 9, 10 இருக்கும், தோலுடையது 5 பக்கம். முகத்துக்கு சோப்பை விட்டேன், கடைசிக் குவளை மட்டும் குடிதண்ணீரில் கழுவுகிறேன். கடலை மாவையும் நிறுத்தினேன், அதில் அம்மாவுக்கு வருத்தம்.

சன்ஸ்க்ரீனில்தான் படாதபாடு. சாதாரண ஜெல் வகை எரிந்தது. துத்தநாக ஆக்சைடு எரியவில்லை, ஆனால் முகம் சாம்பல் பூத்துவிடும், ஆபீஸில் ஒருவர் "கோயிலுக்குப் போய்ட்டு வர்றீங்களா?" என்றே கேட்டார். கடைசியில் நிறம் கலந்த வகைக்கு மாறினேன். அதிலிருக்கிற இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் தடுக்கும், மாநிறத் தோலை அந்த ஒளியும் கறுக்க வைக்கும் என்பதால் இதற்குக் கொடுக்கிற காசு மட்டும் எனக்கு வலிக்கவில்லை.

நடுவில் ஒரு சறுக்கல். பத்தாவது மாதம் சித்தி பெண் கல்யாணத்துக்கு, எல்லோரும் போகிறார்களே என்று பார்லரில் ப்ளீச் செய்துகொண்டேன். முகூர்த்தத்தன்று மேக்கப்புக்கு அடியில் முகம் திகுதிகு என்று எரிய, சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன். மறுபடி மூன்று வாரம் அதே மூன்று பொருள். ஆனால் இந்தத் தடவை சீக்கிரம் ஆறியது.

இப்போது ரெட்டினால் மட்டும் வாரம் இரண்டு ராத்திரி, முன்னும் பின்னும் மாய்ஸ்சரைசர் வைத்து. முகப்பரு எப்போதாவது ஒன்றிரண்டு வரும், கிள்ளாமல் விட்டுவிடுகிறேன். மீதி இருந்த கிளைகாலிக் டோனரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, குதிகாலுக்குப் போட்டுத் தீர்த்தேன். பாதம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது, அம்மாவே காலி பாட்டிலைக் காட்டி "இது எங்கடி கிடைக்கும்?" என்று கேட்டார்.