விடுப்பா, முன்விடுதலையா?

மதுரை மத்தியச் சிறையில் நோயோடு கிடக்கும் முதிய ஆயுள் கைதிக்கு என்ன கேட்பது?

1982 தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, சில நாள் வெளியே போய்வர விடுப்பு கேட்டால் சற்றுச் சீக்கிரம் கிடைக்கும். மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. ஆனால் வெளியே இருக்கும் காலம் தண்டனைக் கணக்கில் சேராது. நாள் முடிந்தால், எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டியவரும் சிறை வாசலுக்குத் திரும்பியாக வேண்டும். இது கொடுமை.

அரசியலமைப்பின் 161ஆவது பிரிவில், அதாவது ஆளுநரின் மன்னிப்பு அதிகாரத்தில், முன்விடுதலை கிடைத்தால் திரும்ப வேண்டியதில்லை. 14 ஆண்டாவது சிறையில் கழிக்க வேண்டும் என்ற சட்ட நிபந்தனையும் அதைத் தடுக்காது. சரி, கோப்பு சென்னைக்குப் போய், அமைச்சரவை முடிவெடுத்து, ஆளுநர் கையெழுத்திட வேண்டுமே! நோய் அதுவரை பொறுக்குமா?

தீராத நோய் என்று மருத்துவர் எழுதிவிட்டால் முன்விடுதலைதான் நியாயம். அதுவரை விடுப்பு. இரண்டு மனுவையும் சேர்த்தே கொடுங்கள்.