மகன் முதலா, மூத்தவர் முதலா?

பிரிட்டிஷ் அரியணை வரிசையை எந்த விதிப்படி கணக்கிடுவது என்று பலரும் குழம்புகிறார்கள். காரணம், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய விதிகளை மாற்றியது.

யார் முந்துவார்?
பழையது: தம்பி அக்காவைத் தாண்டிவிடுவார். 1950-இல் பிறந்த ஆன் (இரண்டாம் எலிசபெத் அரசியின் மகள்), 1960-இல் தம்பி ஆண்ட்ரூவும் 1964-இல் தம்பி எட்வர்டும் பிறந்ததும் அவர்களுக்குப் பின்னால் தள்ளப்பட்டார். பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் அவரைத் தாண்டினார்கள். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.
புதியது: பிறந்த வரிசைதான். 2018-இல் இளவரசர் வில்லியமின் மகன் லூயி பிறந்தபோது அக்கா சார்லட்டின் இடம் அசையவில்லை.

கத்தோலிக்கரை மணந்தால்?
பழையது: உரிமை போச்சு.
புதியது: தடையில்லை. ஆனால் அரியணை ஏறுபவர் கத்தோலிக்கராக இருக்கக்கூடாது என்ற 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி அப்படியே நிற்கிறது.

சரி, யாருக்கு எது? 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் புதியது. முன்பு பிறந்தவர்களுக்குப் பழைய வரிசையே. திருமண விதி மட்டும் எல்லோருக்கும் புதியதுதான்.